டீக் காசில் கை வைப்பதற்கு முன்

குடும்ப வரவு செலவு ஆலோசனைக்கு எங்களிடம் வருகிறவர்கள், செலவைக் குறைத்துவிட்டோம் என்று சொல்லி நீட்டுகிற தாளில் பெரும்பாலும் அதே நான்கு வரிகள்தான். சாயங்கால டீ, வடை. முழம் பூ. செய்தித்தாள். பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு வாங்கித் தரும் பத்து ரூபாய்ப் பண்டம். நான்கின் மேலும் குறுக்குக் கோடு. அதே குடும்பத்தின் வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பிரித்தால் வேறு கதை: மாதக்கணக்கில் யாரும் திறந்தே பார்க்காத இரண்டு சந்தா, கிரெடிட் கார்டுக்கு மினிமம் டியூ (பில்லில் கட்டாயம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டிய தடம், இரவு பத்து மணிக்குப் போட்ட சாப்பாட்டு ஆர்டர்கள். இந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தக் கணக்கு. ஒரு நாளைக்கு 15 ரூபாய் டீ, மாதம் 450. அதை எஸ்ஐபியில், அதாவது மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் ஒரே தொகை போடும் திட்டத்தில், போட்டால் 12 சதவீத வளர்ச்சியில் 30 ஆண்டில் கிட்டத்தட்ட 16 லட்சம். பெருக்கல் சரி, 15.9 லட்சம் வரும். மற்றதெல்லாம் தப்பு. 12 சதவீதம் என்பது யாரும் எழுதிக் கொடுத்த வட்டி இல்லை, வெறும் அனுமானம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அந்த 16 லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 2.8 லட்சம்தான். இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. குடிக்காத டீயின் காசு தானாக ஃபண்டுக்குள் போய் விழாது. அதே சேமிப்புக் கணக்கில்தான் கிடக்கும். 20ஆம் தேதிக்குள் வேறு எதற்காவது போய்விடும். டீயும் போச்சு, காசும் போச்சு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாலு மணி டீ வெறும் பானம் இல்லை. மேசையை விட்டு எழுந்து, நாலு பேரோடு நின்று பேசுகிற பத்து நிமிடம் அது. அதைப் பிடுங்கினால் அந்தக் களைப்பு எங்கேயும் போகாது. ராத்திரி 286 ரூபாய் பிரியாணியாகத் திரும்பி வரும்.

அந்த 286 எப்படி வந்தது என்று பில்லை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். ஒரு உதாரணம்: கடையில் 180 ரூபாய் பிரியாணி, செயலியில் 215. பேக்கிங் 15. இரண்டுக்கும் சேர்த்து 5 சதவீத ஜிஎஸ்டி, 11.50. டெலிவரி 30. தளக் கட்டணம் 15. ஆக 286.50. சாப்பிட்டது 180 ரூபாய்ச் சாப்பாடு. மேலே போன 106 ரூபாயில் ஏழு டீ குடிக்கலாம். டெலிவரி இலவசம் என்று காட்டும் வரம்பைத் தொடுவதற்காகக் கூடவே 60 ரூபாய்க்கு ஒரு குளிர்பானம் சேர்ப்பார்கள் பாருங்கள், அது இன்னும் மோசம்: 30 ரூபாயை மிச்சம்பிடிக்க 60 செலவு. இதற்கு மருந்து மன உறுதி இல்லை, ஃபிரிட்ஜில் ஒரு டப்பா தோசை மாவும் ஆறு முட்டையும். பத்து மணிக்குப் பசியோடு உட்கார்ந்து யாரும் நல்ல முடிவு எடுப்பதில்லை.

கிரெடிட் கார்டு பாக்கி இருக்கிற வீட்டில் டீயைப் பற்றிப் பேசுவதே வீண். பில் 12,000 வந்து, மினிமம் டியூவாக 5 சதவீதம், அதாவது 600 மட்டும் கட்டினால் 11,400 நிற்கும். மாதம் 3.5 சதவீத வட்டி 399. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 470 ரூபாயைத் தாண்டும். ஒரு மாத டீக் காசு இந்த ஒரு வரியில் முடிந்தது. இதுவும் குறைத்துப் போட்ட கணக்குதான். பொருளை வாங்கிய நாளிலிருந்தே வட்டி போடுவார்கள். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். பெட்டிக்கடை க்யூஆரில் தட்டுகிற 40 ரூபாயும் இந்தக் கடனில்தான் சேரும். பாக்கி தீரும்வரை கார்டை யுபிஐயிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சரி, எங்கே ஒழுகுகிறது என்று எப்படிப் பார்ப்பது? மூன்று மாத ஸ்டேட்மென்ட் எடுங்கள். ஒரு மாதம் போதாது. பள்ளிக் கட்டணமோ கல்யாண மொய்யோ வந்த மாதம் படத்தையே மாற்றிவிடும். எக்செல் வடிவில் இறக்கி, விவரம் இருக்கும் நெடுவரிசையை அகர வரிசைப்படுத்தினால் ஒரே கடைக்குப் போன பணம் ஓரளவு ஒன்றாக வந்து நிற்கும். இங்கே ஒரு சிக்கல். சின்னக் கடைகளின் யுபிஐ பதிவில் பல நேரம் கடையின் பெயர் இருக்காது, முதலாளியின் பெயர்தான் இருக்கும். அது பழக்கடையா பஜ்ஜிக்கடையா என்று மூன்று வாரம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. பணம் அனுப்பும்போதே குறிப்புக் கட்டத்தில் 'பழம்', 'பஜ்ஜி' என்று ஒரு சொல் போட்டுவிடுங்கள்.

யுபிஐ லைட், அதாவது சில்லறைச் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் யுபிஐ பர்ஸ், பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். அதில் போகும் சில்லறைச் செலவுகள் ஸ்டேட்மென்ட்டில் தனித்தனியாக வராது. லைட்டில் பணம் ஏற்றிய ஒரு வரி மட்டும் தெரியும். பின் நம்பரும் கேட்பதில்லை. எதில் போனது என்று பார்க்கச் செயலிக்குள் இருக்கும் லைட் வரலாற்றைத்தான் திறக்க வேண்டும். தானாக நிரப்பும் வசதியை அணைத்துவையுங்கள். அது ஓடுகிறவரை பர்ஸ் காலியாவதே தெரியாது.

சந்தாக்களை நிறுத்த அரை மணி நேரம் போதும். யுபிஐ செயலியில் ஆட்டோபே (தானாகப் பணம் பிடிக்கக் கொடுத்த அனுமதிகள்) பகுதியைத் திறந்தால் நடப்பில் உள்ளவை பட்டியலாக வரும். ரத்து செய்து பின் நம்பர் போட்டால் முடிந்தது. பிளே ஸ்டோர் வழியாக எடுத்தவை அங்கேயே, பணம் செலுத்துதல் - சந்தா பகுதியில் இருக்கும். கார்டில் பதிந்தவற்றை வங்கியின் தளத்தில் பார்க்க வேண்டும். கைபேசியிலிருந்து செயலியை அழித்தால் சந்தா நின்றுவிடாது! எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் ஏறுவதில்லை. பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடும் குறுஞ்செய்திகளுக்கு நடுவில்தான் அதுவும் கிடக்கும். ஒரு எச்சரிக்கை: இதே பட்டியலில் கடன் தவணையும் எஸ்ஐபியும் இருக்கும். வேகத்தில் தவணையை ரத்து செய்துவிட்டால் தவணை தவறியதற்கான பவுன்ஸ் கட்டணமும் விழும், கிரெடிட் ஸ்கோரும் இறங்கும். பெயரைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

மிச்சத்தைப் பிடித்துவைக்கும் வழி இது. சம்பளக் கணக்கை யுபிஐயிலிருந்து கழற்றிவிட்டு, சில்லறைச் செலவுக்கென்று இன்னொரு கணக்கை மட்டும் இணையுங்கள். மினிமம் பேலன்ஸ் தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு போதும். ஆனால் அதை வைத்திருப்பவர் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பதால் வேறு வங்கியில் தொடங்குங்கள். அதில் வாரா வாரம் பணம் மாற்றுங்கள், மாதத்துக்கு மொத்தமாக வேண்டாம். 12ஆம் தேதியே தீர்ந்துவிடும். மாற்றும் நாள் திங்களாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மாற்றினால் சனி ஞாயிறிலேயே முடிந்துவிடும்.

நிறுத்திய செலவின் தொகைக்கு அன்றைக்கே ஒரு ஆர்டி (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு) தொடங்கிவிடுங்கள், பிடிக்கும் தேதி சம்பளத்துக்கு மறுநாள். அஞ்சலக ஆர்டி மாதம் 100 ரூபாயிலிருந்து உண்டு. ஆண்டுக்கு 6.7 சதவீத வட்டியில் மாதம் 1,000 கட்டினால் ஐந்தாண்டில் சுமார் 71,000 கையில் வரும். மூன்று ஆண்டுக்கு முன் மூட முடியாது. அதற்குப் பின் மூடினாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். ஓராண்டுக்குள் தேவைப்படும் பணம் என்றால் வங்கியில் 12 மாத ஆர்டி போடுங்கள்.

கடைசியாக, தயவுசெய்து ஒன்று. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் கணக்கு கேட்காத காசு என்று வாரம் 150 ரூபாயாவது ஒதுக்குங்கள். அம்மா பூ வாங்கட்டும், தாத்தா பேப்பர் வாங்கட்டும், யாரும் எதற்கென்று கேட்க வேண்டாம். நாலு முழம் பூவுக்குக் கணக்குக் கேட்ட வீட்டில், அடுத்த மாதமே செலவுகளை மறைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மறைத்த செலவை எந்த ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டும் எங்களால் சரிசெய்ய முடிவதில்லை.