மாருதி 800 எப்படி மறைகிறது?

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாருதி 800, இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல் விற்பனையான கார். அவ்வளவு பெரிய கூட்டம் இன்று எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை, எஞ்சினில் அல்ல, தகட்டில் இருக்கிறது.

கார்கள் சீரான வேகத்தில் குறைவதில்லை. முதல் பத்து ஆண்டுகளில் பெரும்பாலும் விபத்தில் நொறுங்கியவை மட்டுமே கழிகின்றன. பிறகு, மனிதரின் இறப்பு விகிதம் வயதோடு ஏறுவதைப் போல, கழியும் விகிதமும் ஆண்டுக்காண்டு ஏறுகிறது. ஒரே வேறுபாடு, சரிசெய்ய முடியாத கார் என்று அநேகமாக எதுவும் இல்லை. பழுதுபார்க்கும் செலவு காரின் விலையைத் தாண்டும் நாளே அதன் கடைசி நாள்.

அந்த நாளைக் கொண்டுவருவது பெரும்பாலும் துரு. இந்தக் காரின் 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின் அதே நிறுவனத்தின் ஆம்னி வேனிலும் பொருத்தப்பட்டது. ஆம்னி 2019 வரை விற்பனையில் இருந்ததால் எஞ்சின் உதிரிகளுக்குப் பெரிய பஞ்சம் இல்லை, எஞ்சினையே மாற்றிக்கொள்ளவும் முடியும். ஆனால் லாரிக்கு இருப்பதைப் போன்ற தனிச் சட்டகம் இதற்குக் கிடையாது. மெல்லிய எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து உருவாக்கிய கூடே காரின் எடையையும் சாலை அதிர்வுகளையும் தாங்குகிறது. கதவின் அடிவிளிம்பிலும், சக்கரத்தின் மேல்வளைவிலும், கால்மிதியின் கீழும் சேறும் ஈரமும் தங்கும்போது இரும்பு எலக்ட்ரான்களை இழந்து ஆக்ஸிஜனோடு சேர்கிறது. சென்னை போன்ற கடலோர நகரங்களில் காற்றிலுள்ள உப்பு அந்த ஈரத்தின் மின்கடத்தும் திறனைக் கூட்டி, அரிப்பை விரைவுபடுத்துகிறது. துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலிருக்கும் பெயிண்டைக் கொப்பளமாக உப்பச் செய்து, புதிய இரும்பைக் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. முன்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஸ்ட்ரட் என்ற தண்டு பொருந்தும் இடம் வரை துரு ஏறிவிட்டால், டிங்கரிங் செலவைக் கேட்ட உரிமையாளர் காயலான் கடையைத்தான் நினைப்பார்.

விதிகளும் சேர்ந்து தள்ளுகின்றன. 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. சில பத்தாயிரங்களுக்குக் கைமாறும் காருக்கு இது சிறிய தொகை அல்ல.

இருப்பினும் எண்ணிக்கை சட்டென்று பூஜ்யத்தைத் தொடுவதில்லை. உடைக்கப்படும் ஒவ்வொரு காரும் கதவு, கண்ணாடி, கியர்பாக்ஸ் என்று மற்றவற்றுக்கு ஆயுள் தருகிறது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் இந்தக் கொடையில்தான் நடக்கின்றன. கழிவது குறைந்தால் அந்த வரத்தும் குறையும் என்பதால், கடைசியில் மிஞ்சுபவை அன்புடன் பேணப்படும் கார்கள் மட்டுமே. 1983-இல் டெல்லியில் ஹர்பால் சிங் என்பவர் இந்திரா காந்தியிடம் சாவி பெற்ற முதல் காரும், ஹர்பால் சிங்கின் மறைவுக்குப் பின் அவர் வீட்டு வாசலில் துருவேறி நின்றது. பின்னர் நிறுவனமே அதைச் செப்பனிட்டுத் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறது.