நாடா பிடிக்க ஓர் ஆள் வேண்டும்: புற்றுநோய்க் களைப்பும் மைதானத்து வேலையும்

ஜனவரி பிறந்துவிட்டால் இலங்கை மலையகத்துப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். ஓட வரும் பிள்ளைகளை வரிசைப்படுத்த வேண்டும், முடிவுக் கோட்டில் நாடா பிடிக்க வேண்டும், நேரம் குறிக்க வேண்டும், மயங்கி உட்காரும் பிள்ளைக்கு ஜீவனி உப்புத் தூள் கரைத்துக் கொடுக்க வேண்டும். ஆசிரியர்களை மட்டும் வைத்து இதெல்லாம் நடக்காது. பெற்றோரும் பழைய மாணவர்களும் வந்து நின்றால்தான் சமாளிக்கலாம்.

இந்த வேலைகளில் ஒன்றை, புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து தேறி வரும் ஒருவரிடம் கொடுப்போம் என்று சொல்லிப் பாருங்கள். "ஐயோ, பாவம், அவங்க வீட்டுல பேசாம படுத்திருக்கட்டும்" என்றுதான் முதலில் பதில் வரும். அன்பினால் சொல்வதுதான். ஆனால் அளவுக்கு மீறிய படுக்கை அவருடைய களைப்பைக் குறைக்காது, கூட்டும். ஏன் என்று புரிந்துகொள்ள அந்தக் களைப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறித்தவருக்கு வரும் களைப்பு, வயிறாரச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டால் போய்விடும். புற்றுநோய்க் களைப்பு அப்படிப் போவதில்லை. பத்து மணிநேரம் தூங்கி எழுந்தாலும் பல் விளக்கக் கை எழாது. சிலருக்குக் கடைசி மருந்து ஏற்றி மாதங்கள், வருடங்கள் ஆன பிறகும் இது நீடிக்கும். வீட்டார் இதைச் சோம்பல் என்று நினைத்துவிடுவதும் உண்டு. அது அநியாயம். இந்தக் களைப்புக்கு உடம்பில் தெளிவான காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் அழற்சி. கட்டியும் சரி, கீமோ எனும் மருந்துச் சிகிச்சையும் கதிர் சிகிச்சையும் சரி, உடம்பின் நோயெதிர்ப்புக் கலங்களைத் தூண்டிவிடுகின்றன. அவை சைட்டோகைன் எனப்படும் சிறு புரதங்களை இரத்தத்தில் விடுகின்றன. காய்ச்சல் வந்தால் சுருண்டு படுக்கத் தோன்றுகிறதே, அதைச் செய்விப்பதும் இவைதான். மூளை இந்தச் சமிக்ஞையைப் படித்து "அசையாதே" என்கிறது. காய்ச்சலுக்கு அது நல்ல புத்தி. நாலு நாளில் சமிக்ஞை நின்றுவிடும். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு அது மெல்லிய அளவில் தொடர்ந்துகொண்டே இருக்கலாம்.

இதோடு இரத்தசோகை சேரும். கீமோ எலும்பு மச்சையைத் தாக்குவதால் செங்குழியங்கள் குறைகின்றன. தோட்டத்துப் பெண்களில் பலர் நோய்க்கு முன்பே இரத்தசோகை உள்ளவர்கள். அப்புறம் தசை. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயே இல்லாதவர்களுக்கு, பத்தே நாளில் இவ்வளவு! தசை குறைந்தால் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) படி ஏறுவதே பெரிய வேலையாகிவிடும். மூச்சு வாங்கும், பயம் வரும், மறுபடி படுப்போம், இன்னும் கொஞ்சம் தசை போகும். களைப்பு தன்னைத் தானே வளர்த்துக்கொள்வது இப்படித்தான்.

இந்தச் சுற்றை எங்கே வெட்டுவது? தசையில்தான். தசை சுருங்கி விரிந்து எலும்பை இழுப்பதற்கு மட்டும் இருக்கிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தோம். டென்மார்க்கின் பென்டே கிளார்லுண்ட் பெடர்சன் முதலான ஆய்வாளர்கள், வேலை செய்கிற தசை ஒரு சுரப்பியைப் போல இரத்தத்தில் பொருள்களை விடுகிறது என்று காட்டினார்கள். அவற்றில் முக்கியமானது இன்டர்லூக்கின்-6. மரதன் போன்ற நீண்ட ஓட்டத்தில் இரத்தத்தில் இதன் அளவு நூறு மடங்கு வரைகூட ஏறும்.

வியப்பு என்னவென்றால், அழற்சியை வளர்க்கும் சைட்டோகைன்களின் பட்டியலிலும் இதே இன்டர்லூக்கின்-6 இருக்கிறது. நோயில் அது மற்ற அழற்சிப் பொருள்களோடு கூட்டாக, ஓயாமல் சுரக்கிறது. தசையிலிருந்து வரும்போது அந்தக் கூட்டாளிகள் இல்லாமல் தனியாக, சிறிது நேரத்துக்கு மட்டும் எழுந்து, வேலை முடிந்ததும் இறங்கிவிடுகிறது. அப்படி எழுந்து இறங்கும்போது அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10 போன்றவற்றை உடம்பு சுரக்கிறது. ஒரே மூலக்கூறு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்து நேரெதிர் விளைவுகளைத் தருகிறது. உடம்பைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி இதுதான்.

2016இல் கோப்பன்ஹேகன் ஆய்வாளர்கள் எலிகளைச் சுழல் சக்கரத்தில் ஓடவிட்டுப் பார்த்தபோது கட்டிகளின் வளர்ச்சி பாதிக்கு மேல் குறைந்தது. ஓட்டத்தில் சுரக்கும் அட்ரினலின், இயற்கைக் கொல்லிக் கலங்கள் எனப்படும் வெண்குழியங்களை இரத்தத்துக்குள் இழுத்துவிட, இன்டர்லூக்கின்-6 அவற்றைக் கட்டிக்குள் போகச் செய்தது. எலி வேறு, மனிதர் வேறு என்பதை மறக்கக் கூடாது. ஆனால் 2025இல் மனிதரிலும் ஒரு வலுவான விடை கிடைத்தது. கனடா, அவுஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில், பெருங்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மூன்று வருடம் பயிற்சியாளரின் துணையோடு உடற்பயிற்சி, மற்றவர்களுக்கு ஆரோக்கிய அறிவுரைப் புத்தகம். எட்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் முதல் பகுதியில் 90 சதவீதம், அடுத்ததில் 83 சதவீதம். களைப்பைப் பொறுத்தவரை விடை இன்னும் முன்பே வந்துவிட்டது. 113 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் வருட அலசலில், உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் மருந்து மாத்திரைகளைவிடக் களைப்பை நன்றாகக் குறைத்தன.

சரி, அப்படியானால் தினமும் நடந்தால் போதுமே, எதற்கு விளையாட்டுப் போட்டி? இங்கேதான் மூளை குறுக்கே வருகிறது. அழற்சி, மூளையில் ஊக்கத்தைத் தூண்டும் டோபமின் என்ற வேதிப்பொருள் வேலைசெய்யும் பாதைகளை மந்தமாக்குகிறது. ஒரு காரியத்தால் கிடைக்கப்போகும் மகிழ்ச்சி சிறிதாகவும், அதற்குப் படவேண்டிய பாடு பெரிதாகவும் தெரியும். மனம் வரட்டும், அப்புறம் நடப்போம் என்று காத்திருந்தால் மனம் வரவே வராது. உளவியலாளர்கள் இதைத் திருப்பிப் போடச் சொல்கிறார்கள்: முதலில் சிறு காரியம், மனம் பின்னால் வரும். நேரம் குறித்த ஒரு வேலை, அதற்காகக் காத்திருக்கும் நாலு பேர், போகாவிட்டால் "எங்கே காணோம்?" என்று கேட்க ஓர் ஆள், இவை இருந்தால் அந்த முதல் அடியை எடுத்து வைப்பது சுலபம்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த ஓர் அக்காவை எனக்குத் தெரியும். மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த பிறகு, மகள் படிக்கும் பாடசாலைப் போட்டியில் முடிவுக் கோட்டு வேலை அவருக்குக் கிடைத்தது. 1, 2, 3 என்று எழுதிய அட்டைகள் கையில். முதலாவது வரும் பிள்ளையை ஊரே பார்க்கும், அதனால் அவருடைய கண் மூன்றாவது பிள்ளையிலேயே இருக்கும். அது கோட்டைத் தாண்டியதும் தோளைப் பிடித்து நிறுத்தி, அட்டையைக் கையில் திணித்து, மூவரையும் பதிவு மேசை வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அடுத்த ஓட்டம் வரும்வரை நாற்காலி. நடை, நிற்பு, அமர்வு, மறுபடி நடை. பயிற்சி ஆலோசகர் வகுத்துக் கொடுத்தாலும் தொடக்கத்துக்கு ஏறக்குறைய இப்படித்தான் வகுப்பார். "மருந்து ஏத்தத் தொடங்கினதுல இருந்து யாருமே என்கிட்ட ஒரு வேல சொன்னதில்ல" என்றார் அவர்.

தன்னார்வ வேலையால் உடம்புக்கு நன்மை என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. வருடத்தில் 200 மணிநேரத்துக்கு மேல் அப்படி வேலை செய்த முதியவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம் வருவது குறைவாக இருந்தது என்று 2013இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. ஆரோக்கியமானவர்கள்தான் அதிகமாக உதவ வருகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாகலாம். ஆகவே நான் இதைப் பெரிதாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன். போட்டி நாள் ஒன்றில் நிற்பதும் மூன்று வருடப் பயிற்சியும் ஒன்றல்ல. வீட்டைவிட்டு வெளியே வருவதற்கு அது ஒரு வழி, அதுவே பெரிய காரியம்.

அந்த அக்காவைப் போன்றவர்களின் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டால், அந்தக் கையின் நிணநீர் வடிய வழி குறைந்து கை வீங்கலாம். தேயிலை மலையில் ஒரு கான் (வடிகால்) தூர்ந்துபோனால் தண்ணீர் நிரையில் தேங்குவது போலத்தான். இப்படிப்பட்டவர்கள் அந்தக் கையால் எதையும் தூக்கவே கூடாது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1996இல் கனடாவின் வன்கூவரில் வைத்தியர் டொன் மெக்கென்சி, மார்புப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களை ட்ராகன் படகு எனப்படும் நீண்ட துடுப்புப் படகு வலிக்க வைத்தார். ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. 2009இல், ஏற்கெனவே வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து நடந்த ஆய்விலும், படிப்படியாகப் பாரம் தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, கை பலமானது. தசை சுருங்கும்போது நிணநீர் மேலே தள்ளப்படுகிறது. கவனிக்க வேண்டியது கீறலைத்தான். தேயிலைக் குச்சி கிழித்த சிறு காயத்தால் கிருமி புகுந்தாலும் அந்தக் கையில் அது வேகமாகப் பரவும். உடனே கழுவி மருந்து போட வேண்டும், சிவந்து சூடானால் அன்றைக்கே வைத்தியசாலை.

எங்கள் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை இதற்குப் பெரிய காரணம். கழுத்தில் கணுக்களை எடுத்தவர்களுக்குத் தோளை உயர்த்தும் நரம்பு பாதிக்கப்படுவதுண்டு. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. ஆகவே அவரிடம் கொடியைக் கொடுக்காமல் ஸ்டொப்வொட்சைக் கொடுங்கள். கதிர் சிகிச்சையில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் வறண்டிருக்கும். ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்ல வேண்டாம், பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும்.

மலை நாட்டுக்கென்று சில விசயங்கள் உண்டு. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனும் அவ்வளவு குறைவு. நல்ல இரத்தம் உள்ளவருக்கு அது தெரியாது. இரத்தசோகை உள்ளவர் மேட்டில் ஏறி மைதானத்துக்கு வருவதற்குள் நெஞ்சு படபடக்கும். முன்கூட்டியே ஈமோகுளோபின் பார்த்துக்கொள்வதும், மேட்டுக்கு ஓட்டோவில் வருவதும் புத்திசாலித்தனம். வெயிலும் இங்கே ஏமாற்றும். உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். குளிராக இருப்பதால் சுடுவது தெரியாது, ஆனால் கதிர் பட்ட தோலும் சில கீமோ மருந்துகள் ஏற்றிய தோலும் சீக்கிரம் கருகும். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் தேயிலைக் கொழுந்தைப் பனி கருக்கும் காலைகளில், ஒக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியவர்களுக்குக் குளிர்ந்த இரும்பைத் தொட்டாலே விரலில் ஊசி குத்தும். கையுறை போடுவதும் காலை ஒன்பதுக்குப் பிறகு வருவதும் உதவும்.

எப்போது வரக் கூடாது? மருந்து ஏற்றி ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் பொதுவாக வெண்குழியங்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது கூட்டத்துக்குள் போக வேண்டாம். 38 பாகை காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் போட்டுவிட்டுக் காத்திருக்கவும் கூடாது, நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எலும்புக்குப் பரவியவர்கள், இதயத்தைப் பாதிக்கும் மருந்து எடுத்தவர்கள் கிளினிக்கில் கேட்ட பிறகே வேலை ஒத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு ஓர் எளிய அளவு உண்டு. வேலை செய்யும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்கலாம். மறுநாள் காலையிலும் அலுப்பு தீராவிட்டால் அடுத்த முறை பாதி நேரம் போதும்.

மார்ச்சில் பாடசாலைப் போட்டிகள் முடிந்தால் ஏப்ரலில் தோட்டங்களில் புத்தாண்டு விளையாட்டு, கயிறிழுத்தலும் சாக்கோட்டமும். இடையில் உள்ள வாரங்களில் வாரம் மூன்று தடவை அரை மணிநேர நடை, இரண்டு தடவை நாற்காலியில் இருந்து எழுந்து உட்காரும் பயிற்சி என்று வைத்துக்கொண்டால், உலக நிபுணர்கள் 2019இல் களைப்புக்குச் சொன்ன அளவுக்கு அது கிட்டத்தட்டச் சரியாக வரும். ஏற்பாட்டுக் குழுவில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: வேலைப் பட்டியல் எழுதும்போது இப்படிப்பட்டவரின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரையும் எழுதுங்கள். நடுவில் களைத்துப்போனால் யாரிடமும் விளக்கம் சொல்லாமல் அட்டைகளைக் கைமாற்றிவிட்டு அவர் போய் உட்காரலாம்.