காந்தவால், பாய்ச்சல், சுழிப்பு: மூன்று சொற்களுக்கு விளக்கம்

பூமியின் காந்தப்புலம் இரவுப் பக்கம் வால்போல நீளும் பகுதியை ஆங்கிலத்தில் மேக்னடோடெய்ல் என்கிறார்கள். அதைத் தமிழில் காந்தவால் என்றே எழுதலாம். முதல் தடவை மட்டும் புவிக் காந்தவால் என்று சொல்லிவிட்டால் போதும். காந்தம் வடமொழி வழியாக வந்தது. இரும்புக்குப் பிரியமானது என்ற பொருளில் வரும் அயஸ்காந்தத்தின் பின்பாதி அது. மேக்னட் என்ற சொல், மக்னீசியா என்ற கிரேக்க இடப்பெயரிலிருந்து வந்தது. வால் நம்முடையது. வால்வெள்ளி என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். அந்த உறவு இங்கே ரொம்பப் பொருத்தம். வால்வெள்ளியின் வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீள்வதை வைத்துத்தான், சூரியனிலிருந்து துகள்கள் ஓயாமல் வீசுகின்றன என்று 1951இல் லுட்விக் பியர்மன் சொன்னார். 1958இல் யூஜின் பார்க்கர் அதற்குச் சூரியக் காற்று என்று பெயர் வைத்துக் கணக்கும் போட்டுக் காட்டினார்.

நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அந்தக் காற்று, பூமியின் காந்தப்புலத்தைப் பகல் பக்கம் ஏறக்குறைய 65,000 கிலோமீட்டருக்குள் அமுக்கிவிடுகிறது. இரவுப் பக்கம் இழுத்துக்கொண்டே போகிறது. நிலாவின் பாதையையும் தாண்டி நீளும் அந்தப் பகுதிதான் காந்தவால். 1963இல் ஏவப்பட்ட ஐ.எம்.பி.-1 செயற்கைக்கோளின் அளவீடுகளிலிருந்து நார்மன் நெஸ் அதைத் தெளிவாகக் காட்டினார். பௌர்ணமியை ஒட்டிச் சில நாட்கள் நிலா இந்த வாலுக்குள்ளேதான் இருக்கிறது.

குறுக்குத்துறையில் தாமிரபரணிக்கு நடுவே இருக்கும் முருகன் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வரும் தண்ணீரைக் கூர்மையான முகப்பு இரண்டாகப் பிளக்கிறது. கோயிலுக்குப் பின்னால் ஆறு உடனே ஒன்றுசேர்வதில்லை. நீளமாக ஒரு தடம் விழுகிறது, அதன் ஓரங்களில் சுழி சுழியாகப் புரள்கிறது. சூரியக் காற்றுக்குப் பூமியின் காந்தப்புலம் அப்படி ஒரு தடுப்பு. ஆனால் ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. ஆற்றில் சுழி எழுவது தண்ணீர் கல்லில் உரசுவதால். காந்தவாலில் அதைவிடப் பெரிய காரணம் உள்ளேயே இருக்கிறது. இழுபட்ட காந்தக் கோடுகளில் ஆற்றல் சேர்ந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் எதிரெதிர்த் திசைக் கோடுகள் அறுந்து புதிதாக இணைந்துகொள்கின்றன. இதைக் காந்த மறுஇணைப்பு என்கிறார்கள். சேர்ந்திருந்த ஆற்றல் அப்போது துகள்களின் ஓட்டவேகமாக மாறிவிடுகிறது. பிளாஸ்மா பூமியை நோக்கியும் வால்நுனியை நோக்கியும் தெறித்து ஓடுகிறது.

பிளாஸ்மா, வார்க்கப்பட்டது என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல். ரத்தத்துக்கு முதலில் வந்து, 1928இல் இர்விங் லாங்மியூர் மூலம் மின்னேற்றத் துகள்களின் வாயுவுக்கும் பெயரானது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழகிவிட்ட சொல், அப்படியே இருக்கட்டும். காந்தவாலின் நடுவே இருக்கும் பிளாஸ்மாத் தாளில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு துகள்கூடத் தேறாது. வெப்பநிலையோ கோடிக்கணக்கான டிகிரி.

இனி அந்த ஓட்டம். அது சீராக வருவதில்லை. நிமிடக்கணக்கில் நொடிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டும், அப்புறம் தணியும், மறுபடி வரும். 1990களின் தொடக்கத்தில் வாசிலிஸ் ஆஞ்செலோபோலோஸ் போன்றோர் இதைத் தனி நிகழ்வாக வகைப்படுத்தினார்கள். பர்ஸ்டி பல்க் ஃப்ளோ என்ற அதன் ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் வெடிப்புப் பெருந்திரள் பாய்வு என்று எழுதினால் யாருக்கும் ஏறாது. பாய்ச்சல் என்பதே சரி. வயலுக்குத் தண்ணீர் விடுவதும் பாய்ச்சல், தாவுவதும் பாய்ச்சல். ஓட்டம், திடீர் வேகம் இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன.

பூமியை நெருங்க நெருங்கக் காந்தப்புலம் வலுக்கும். பாய்ச்சல் அங்கே தடைபட்டு, இருபக்கமும் விலகிச் சுழல்கிறது. பெரிய சுழியிலிருந்து சின்னச் சுழி, அதிலிருந்து இன்னும் சின்னது என்று ஆற்றல் இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் துகள்களைச் சூடாக்குகிறது. டர்புலன்ஸ் என்பது இதுதான். லத்தீனில் டர்பா என்றால் குழப்பம், கூட்டம். தமிழில் கொந்தளிப்பு என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் நிறைவில்லை. கொந்தளிப்பு என்றதும் பொங்கும் கடலலைதான் கண்ணில் நிற்கும். சுழிக்குள் சுழி என்ற அமைப்பு அதில் தெரிவதில்லை. "அங்கன போவாதல, சுழி கெடக்கு" என்று ஆற்றில் இறங்கும் பையன்களை அதட்டும் பேச்சில் இருக்கும் சொல்லிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்: சுழிப்பு. சுழிப்போட்டம் என்றும் எழுதலாம்.

2007இல் ஏவப்பட்ட தெமிஸ் திட்டத்தின் ஐந்து செயற்கைக்கோள்கள் வாலில் வரிசையாக நின்று இதைப் பின்தொடர்ந்தன. 2008 பிப்ரவரியில், நிலாவுக்குப் போகும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி மறுஇணைப்பு நடந்ததும், சுமார் ஒன்றரை நிமிடத்தில் வடதுருவப் பக்கத்து வானில் தெரியும் துருவ ஒளி பிரகாசித்ததும் பதிவாயின.

துருவ ஒளி நெல்லையில் தெரியாது. ஆனால் பாய்ச்சல் வந்து மோதும்போது 40 முதல் 150 நொடி இடைவெளியுள்ள காந்தத் துடிப்புகள் எழுகின்றன. அவை, பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோட்டுப் பகுதி வரை எட்டுகின்றன. அந்தக் கோட்டுக்கு மிக அருகில்தான், நெல்லையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. அங்கே ஓடும் காந்தமானிகள் இரவிலும் பதிவு செய்துகொண்டே இருக்கின்றன.