லேண்ட்ஃபில்: கிடங்கா, மேடா, புதைநிலமா?

சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பையிடங்களை ஆங்கிலச் செய்திகளில் ‘லேண்ட்ஃபில்’ என்றும் தமிழில் ‘குப்பைக் கிடங்கு’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே அங்கே இருப்பதைச் சொல்லவில்லை.

‘லேண்ட்’ நிலம், ‘ஃபில்’ நிரப்புதல். பள்ளத்தையும் சதுப்பையும் எதையாவது கொட்டி மேடாக்குவதற்கும் இதே சொல்தான். நியூயார்க்கின் ஃப்ரெஷ் கில்ஸ் குப்பையிடம் 1948இல் ஒரு சதுப்பில்தான் தொடங்கியது. இந்தச் சொல்லுக்குத் தொழில்நுட்பப் பொருள் வந்தது கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில். அங்கே 1937இல் ஜீன் வின்சென்ஸ் என்ற பொறியாளர், நீளவாக்கில் அகழி வெட்டிக் குப்பையைக் கொட்டி, அழுத்தி, அன்றைக்கன்றே மண் மூடும் முறையை ஏற்படுத்தினார். எலி, ஈ, தீ மூன்றும் அடங்கின. ஆனால் அடியில் தடுப்பு எதுவும் இல்லாததால் நிலத்தடி நீர் கெட்டது. 1989இல் அமெரிக்க அரசின் நச்சிடங்கள் பட்டியலில் சேர்த்த அதே இடத்தை, 2001இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள்!

இன்று இந்தப் பெயருக்குத் தகுதி பெற, அடியிலிருந்தே வேலை தொடங்க வேண்டும். இந்திய விதிப்படி 90 செ.மீ. இறுக்கிய களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. எச்.டி.பி.இ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பு. அதற்கும் மேலே சரளைக்கல் படுகை, அதற்குள் துளைக்குழாய்கள். குப்பையில் ஊறி இறங்கும் கருநீர், அதாவது ‘லீச்சேட்’, இவற்றின் வழியே வடிந்து சுத்திகரிப்புக்குப் போகும். ஒவ்வொரு நாளும் குறைந்தது 10 செ.மீ. மண் மூட வேண்டும்; மழைக்காலத்துக்கு முன் 40 முதல் 65 செ.மீ.

பெரும்பாலும் கோளாறு இந்த மூடுமண்ணில்தான் தொடங்குகிறது. மண் விலை, லாரிக்கூலி என்று தள்ளிப்போட்டால் மழைநீர் நேரே உள்ளே இறங்கும். குழாய்களில் சுண்ணாம்பும் நுண்ணுயிர்ப் பிசினும் அடைத்திருந்தால் கருநீர் தேங்கி, அழுத்தம் ஏறிச் சரிவு நழுவும். காற்றுப் படாமல் அழுகும் ஈரக்குப்பை மீத்தேனை விடும். அதைக் குழாய் வைத்து எடுக்காவிட்டால் தீப்பற்றும். 2022 ஏப்ரலில் பெருங்குடி நாள்கணக்கில் எரிந்தது. கொழும்பின் மீதொட்டமுல்லவில் 2017 ஏப்ரல் 14 அன்று குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. எரிக்கக்கூடிய குப்பையை எரித்துப் பருமனைப் பத்தில் ஒன்றாக்கி, சாம்பலைப் படகில் ஏற்றிச் செமாக்காவ் தீவுக்குக் கொண்டுபோகிறது. 1999 முதல் இயங்கும் இந்த இடத்தைச் சுற்றி 7 கி.மீ. நீளத்துக்கு, விரிப்பும் கடற்களிமண்ணும் உள்ளே பதித்த கற்கரை. ஜெர்மனியில் 2005 ஜூன் முதல் பதப்படுத்தாத வீட்டுக்குப்பையைப் புதைக்கவே கூடாது.

தமிழில் ‘நிலநிரப்பு’ என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. வயலை மண்போட்டு மேடாக்குவதோடு குழம்பும். ‘கிடங்கு’ பழந்தமிழில் அகழி, பள்ளம். ஃப்ரெஸ்னோவுக்கு அது கச்சிதம். ஆனால் இன்று கேட்பவர் மனதில் வருவது சரக்கு அடுக்கிவைத்து எடுக்கும் இடம். ‘குப்பை’க்கே குவியல் என்பதுதான் பழைய பொருள். ஆகவே அடிவிரிப்பு, வடிகுழாய், அன்றாட மூடுமண் மூன்றும் உள்ள இடத்தைக் ‘குப்பைப் புதைநிலம்’ என்றும், வெறுமனே கொட்டிவைத்ததைக் ‘குப்பைமேடு’ என்றும் எழுதலாம். பெருங்குடியும் கொடுங்கையூரும் இரண்டாவது வகை.