ஸ்பேம்: கடற்கொள்ளையர் பாடிக் கொடுத்த சொல்

"ஏண்டா, யாருடா இந்த ஸ்பேம்? ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிடுறான். எடுத்தா ஒண்ணும் பேச மாட்டேங்கிறான்."

அம்மா கேட்டதும் சிரித்துவிட்டேன். கைப்பேசித் திரை சிவந்து, பெயர் வர வேண்டிய இடத்தில் அந்த மூன்றெழுத்து வந்து நின்றால் அவர் வேறு என்ன நினைப்பார்? சரி, யார் அவன் என்று விளக்கிவிடலாம் என உட்கார்ந்தால் கதை ஒரு தகர டப்பாவில் தொடங்குகிறது. நடுவில் ஒரு நகைச்சுவைப் பாட்டு. அந்தப் பாட்டை விட்டுவிட்டால் சொல்லின் பொருளே பிடிபடாது.

முதலில் இன்றைய பொருள். நாம் கேட்காமலே, ஆள் பார்க்காமல் மொத்தமாக, விடாமல் வந்து விழுகிற செய்திக்கு ஸ்பேம் என்று பெயர். மின்னஞ்சல், குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு எல்லாம் சேர்த்தி. ஒரு காணொளிக்குக் கீழே ஒரே வாக்கியத்தை நாற்பது முறை ஒட்டிவிட்டுப் போவதும் அதுதான். இதையும் ஸ்கேமையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஓசை ஒத்துப்போவதால் வந்த வினை. ஸ்கேம் என்றால் மோசடி. ஸ்பேம் மோசடியாக இருக்க வேண்டும் என்பதில்லை. நிஜமாகவே மனை விற்கிறவர், நிஜமான மனையைப் பற்றி, நாளுக்கு ஐந்து முறை கூப்பிட்டுச் சொன்னாலும் அது ஸ்பேம்தான்.

இப்போது டப்பா. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஆஸ்டின் என்று ஓர் ஊர். அங்கிருக்கும் ஹோர்மெல் நிறுவனம் 1937இல் பன்றி இறைச்சியை அரைத்து, பக்குவம் செய்து, டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியது. பெயர் வைக்கப் போட்டி நடந்தது. வென்ற பெயர் ஸ்பேம்; அதைச் சொன்னவருக்கு 100 டாலர். மசாலா சேர்த்த பன்றித் தொடைக்கறி என்ற பொருளில் வரும் 'ஸ்பைஸ்டு ஹேம்' என்ற இரண்டு சொற்களில் முன்னதன் தலையையும் பின்னதன் வாலையும் ஒட்டியது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். குளிர்பெட்டி வேண்டாம், சீக்கிரம் கெடாது, விலையும் குறைவு. இரண்டாம் உலகப் போர் வந்ததும் கப்பல் கப்பலாக பிரிட்டனுக்குப் போய் இறங்கியது. அங்கே 1940இல் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954இல்தான் முழுதாக முடிந்தது. நல்ல கறி அரிதாகிப்போன அந்த ஆண்டுகளில் டப்பாக் கறியே கை கொடுத்தது. மாவில் தோய்த்துப் பொரித்துப் பள்ளிச் சாப்பாட்டிலும் போட்டார்கள். பேரைக் கேட்டாலே நாக்கு அலுத்துப்போகிற அளவுக்குச் சாப்பிட்ட தலைமுறை அது.

டெரி ஜோன்ஸ் 1942இல் பிறந்தவர், மைக்கேல் பேலின் 1943இல். இருவரும் பிபிசியின் 'மாண்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்' நகைச்சுவை நிகழ்ச்சியின் ஆறு பேர் குழுவில் இருந்தவர்கள். அவர்கள் எழுதி, 1970 டிசம்பர் 15 அன்று ஒளிபரப்பான ஒரு சிறு நாடகம்தான் நம் சொல்லின் பிறந்த வீடு.

இடம், லண்டனை ஒட்டிய புரோம்லியில் ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடை. ஒரு கணவனும் மனைவியும் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வருகிறார்கள் (ஏன் என்று கேட்கக் கூடாது). என்ன இருக்கிறது என்று கேட்டால், பரிமாறும் அம்மாள், அதாவது பெண் வேடத்தில் டெரி ஜோன்ஸ், கீச்சுக்குரலில் பட்டியல் ஒப்பிக்கிறார். முட்டையும் ஸ்பேமும். முட்டை, பன்றிக்கறி, ஸ்பேம். முட்டை, பன்றிக்கறி, சாசேஜ், ஸ்பேம். போகப் போகப் பட்டியலில் முட்டை மெலிகிறது, ஸ்பேம் பெருக்கிறது. உயர்தர ஓட்டல்களில் மட்டும் கிடைக்கும் சிங்கி இறால் பதார்த்தம்கூட ஒன்று உண்டு. அதன் மேலேயும் ஸ்பேம். மனைவிக்கோ ஸ்பேம் பிடிக்காது. அது இல்லாமல் ஒன்று கொடு என்று கேட்கிறார். பரிமாறுகிறவருக்கு அப்படி ஒரு கோரிக்கை புரியவே இல்லை. கணவன், "ரகளை பண்ணாதே, உன் ஸ்பேமை நான் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று தேற்றுகிறான்.

பக்கத்து மேசைகளில் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு வைக்கிங்குகள், அந்தக் கால வடகடல் கொள்ளையர்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்பேம் என்ற சொல் பல முறை காதில் விழுந்ததுமே அவர்கள் பாட ஆரம்பிக்கிறார்கள். பாட்டில் வரிகள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்பேம், ஸ்பேம், ஸ்பேம், நடுவில் அது எவ்வளவு அருமை என்று ஒரு பாராட்டு, மறுபடி ஸ்பேம். மெல்ல எழுகிற முணுமுணுப்பு தேவாலயச் சேர்ந்திசை போல ஓங்கி, பேசிக்கொண்டிருந்த கணவன் மனைவி குரலை அப்படியே விழுங்கிவிடுகிறது. பரிமாறும் அம்மாள் கத்தி அடக்குகிறார். சற்று அமைதி. யாரோ மறுபடி ஸ்பேம் என்கிறார்கள். மறுபடி பாட்டு.

ஒரு சொல்லை எத்தனை முறை அடுக்கலாம் என்பதற்கு நன்னூல் கணக்கு வைத்திருக்கிறது: இரண்டு, மூன்று, நான்கு, அதோடு நிறுத்து. வைக்கிங்குகள் நன்னூல் படித்தவர்கள் இல்லை.

இந்த நாடகத்தில் சிரிப்பு இறைச்சியில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்பேம் மோசமான உணவு என்று அதில் வாதம் எதுவும் நடக்கவில்லை. பாடுகிறவர்கள் அதைக் கொண்டாடத்தான் செய்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னாலும் தட்டில் வருவதும், பேச விடாமல் பாட்டு மூழ்கடிப்பதும்தான் வேடிக்கை. கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டதும் அதைத்தான்.

1980களில் பலர் சேர்ந்து ஆடும் எழுத்துவழிக் கணினி விளையாட்டுகள் இருந்தன. அரட்டையும் அதிலேயே நடக்கும். ஆகாதவர்கள் நுழைந்தால் திரை முழுக்க எதையாவது கொட்டி, அடுத்தவர் எழுதியது மேலே ஓடி மறையும்படி செய்வார்கள். அதற்குத்தான் இந்தப் பெயர் ஒட்டியது. வைக்கிங்குகள் செய்ததும் அதே வேலைதானே. பிறகு யூஸ்நெட் கலந்துரையாடல் குழுக்களுக்குப் பரவியது. 1993 மார்ச் 31 அன்று, வேண்டாத பதிவுகளை நீக்குவதற்காக எழுதப்பட்ட ஒரு நிரல் தறிகெட்டுப்போய், தானே சுமார் 200 பதிவுகளைக் கொட்டித் தீர்த்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க வழக்கறிஞர் தம்பதி ஒருவர் குடியேற்ற அட்டை (கிரீன் கார்டு) லாட்டரிக்கான தங்கள் விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு ஸ்பேம் என்றால் வணிக விளம்பரம் என்ற பொருள் நிலைத்துவிட்டது. இந்த வேலைக்கு முன்னோடி இன்னும் பழையது: 1978 மே மாதத்திலேயே ஒரு கணினி விற்பனையாளர், இன்றைய இணையத்துக்கு முந்தைய வலையமைப்பான அர்ப்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியிருந்தார். பாட்டு அப்போது இருந்தது. பெயர்தான் இன்னும் ஒட்டவில்லை.

ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து ஸ்பேமுக்கு விரிவாக்கம் சொல்கிறவர்கள் உண்டு. அதெல்லாம் பின்னால் கட்டியது, நம்ப வேண்டாம்.

ஹோர்மெல் நிறுவனத்தின் நிலைமைதான் பாவம். தன் பண்டத்தின் பெயர் உலகம் முழுக்கத் திட்டாக மாறினால் யார்தான் என்ன செய்வது? டப்பாவைக் குறிக்கும்போது முழுவதும் பெரிய எழுத்தில் எழுதுங்கள், குப்பை அஞ்சலுக்குச் சின்ன எழுத்து போதும் என்று கேட்டுக்கொண்டார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாத தமிழில் அந்தச் சமரசத்துக்கும் வழியில்லை. பைத்தான் குழுவோடு மட்டும் நிறுவனத்துக்குப் பகையே இல்லை. 1975இல் வந்த அவர்களுடைய 'ஹோலி கிரெயில்' படத்தில் ஆர்தர் மன்னரின் வீரர்கள் ஆடிப் பாடும் பாட்டிலும் ஸ்பேம் தலைகாட்டும். அந்த வரியிலிருந்தே பெயர் எடுத்து, குழுவில் ஒருவரான எரிக் ஐடில் எழுதிய 'ஸ்பேமலாட்' இசை நாடகம் 2005இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஏறியபோது, நிறுவனமே அதற்கென்று தனி டப்பா வெளியிட்டது.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு துணுக்கு. பைத்தான் கணினி மொழியின் பெயர் பாம்பிலிருந்து வந்ததில்லை, இந்தக் குழுவிலிருந்து வந்தது. அதன் பாடங்களில் எடுத்துக்காட்டு மாறிகளுக்கு ஸ்பேம், எக்ஸ் (eggs) என்று பெயர் இருப்பதைப் பார்த்து விழித்திருந்தால், அந்தச் சாப்பாட்டுக் கடையின் முட்டையும் டப்பாக் கறியும்தான் அவை. வேண்டாத அஞ்சலைப் பிரிக்கும் மென்பொருள்கள் நல்ல அஞ்சலுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ஹேம். அசல் தொடைக்கறி.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'குப்பை அஞ்சல்' எளிதாகப் புரியும். ஆனால் அது ஜங்க் என்ற வேறொரு சொல்லின் மொழிபெயர்ப்பு. குப்பை சும்மா கிடக்கும். ஸ்பேம் தேடி வரும். 'வேண்டாத அஞ்சல்' சட்டத்துக்குப் பொருந்தும். நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் கேட்காமல் வரும் வணிகத் தகவல் என்ற பொருள்படத்தான் விதி எழுதி, 1909 என்ற எண்ணில் தடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. ஆனால் சொல்லில் உயிர் இல்லை. இணையத் தமிழில் புழங்கும் 'எரிதம்' எனக்குப் பிடிக்கும். குட்டையான சொல், வேற்றுமை உருபுகளை ஏற்கும், எரிச்சலை நினைவூட்டும். பேச்சில் 'எறிதம்' என்று காதில் விழுந்தாலும் கெடுதல் இல்லை; தூக்கி எறியத்தானே போகிறோம். கட்டுரை, கணினிப் பாடம், மென்பொருள் இடைமுகம் எல்லாவற்றுக்கும் எரிதம் என்றே எழுதலாம் என்பது என் கட்சி.

ஆனாலும் எரிதம் பெறுகிறவரின் மனநிலையைச் சொல்கிறது, அனுப்புகிறவரின் விடாப்பிடியைச் சொல்லவில்லை. வைக்கிங் பாட்டு அதில் கேட்கவில்லை. 'ஸ்பேம் பண்ணாதே' என்ற வினைக்கு 'நச்சரிக்காதே' கச்சிதமாகப் பொருந்துகிறது. பெயர்ச்சொல்லாக வேண்டும் என்றால்?

அம்மாவிடம் இந்தக் கதையை முழுதாகச் சொன்னேன். டப்பாக் கறி என்றதும் முகம் சுளித்தார். பாட்டைப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "என்னடா இது, தொணதொணன்னு சொன்னதையே சொல்லிக்கிட்டு? நிறுத்து" என்றார்.

தொணதொணப்பு. சொல்லுக்குள்ளேயே திரும்பச் சொல்லும் ஓசை இருக்கிறது. இரட்டைக்கிளவி என்பதால் பிரித்தால் பொருளும் இல்லை. இதைவிட நெருக்கமான சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நேற்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னார்: "அந்தத் தொணதொணப்பு இன்னைக்கு ரெண்டு தடவை கூப்பிட்டான். நான் எடுக்கலை."