மதர்போர்டில் 100 அம்பியர்

வெள்ளவத்தையிலிருந்து உயர்தர மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரைசன் 7 போட்டு கம்பியூட்டர் ஒன்று பூட்டப் போகிறேன். பி650 மதர்போர்டு எடுக்கவா, எக்ஸ்670 எடுக்கவா? எக்ஸ்670 என்றால்தான் கேம் வேகமாக ஓடும் என்று பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் சொன்னார்கள்."

பி650, எக்ஸ்670 என்பவை மதர்போர்டில் இருக்கும் சிப்செட்டின் பெயர்கள். சிப்செட்டால் கேம் வேகம் அதிகரிக்காது, தம்பி. நினைவகத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு காலத்தில் சிப்செட்டின் வேலை. 2003இல் அத்லோன் 64 ப்ரொசெஸர் வந்தபோதே, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் அதை ப்ரொசெஸருக்குள் கொண்டுபோய்விட்டது. கிராபிக்ஸ் கார்டும் முதல் எஸ்எஸ்டியும் நேராக ப்ரொசெஸரோடுதான் இணைகின்றன. மிச்ச யூஎஸ்பி, சாட்டா, கூடுதல் எஸ்எஸ்டி ஆகியவைதான் சிப்செட்டின் பொறுப்பு. எக்ஸ்670இல் இருப்பது பி650இல் உள்ள அதே சிப், இரண்டு. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்து ப்ரொசெஸருக்குப் போகும் பாதையோ ஒன்றுதான்.

சரி, பார்க்க வேண்டியது எதை? ப்ரொசெஸர் சொக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் சின்னச் சதுரக் கட்டிகளை. பவர் சப்ளையின் வோல்ற்றளவை ப்ரொசெஸருக்கு ஏற்றபடி இறக்கிக் கொடுக்கும் பகுதி அது; வீஆர்எம் என்பார்கள். போர்டிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

ப்ரொசெஸர் 120 வாட் எடுக்கிறது, 1.2 வோல்ற்றில் ஓடுகிறது என்று வைப்போம். வகுத்துப் பாருங்கள்: 100 அம்பியர்! நம் வீடுகள் பலவற்றுக்கு வரும் மின் இணைப்பே 30 அம்பியர்தான். பவர் சப்ளை தருவதோ 12 வோல்ற். மிச்ச 10.8 வோல்ற்றை ஒரு தடையில் போட்டு எரித்தால் 1080 வாட் வெப்பம் வரும். துணி அழுத்தும் இஸ்திரிப் பெட்டி அளவு.

வீஆர்எம் எரிப்பதில்லை. 12 வோல்ற்றை முழுதாகத் திறந்து, உடனே மூடுகிறது. நொடிக்குப் பல லட்சம் தடவை. பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்திருந்தால் சராசரி 1.2 வோல்ற். அந்தச் சதுரக் கட்டிக்குள் இருக்கும் சுருள், ஓட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும். லென்சின் விதிதான். மூடிய நேரத்திலும் சேர்த்துவைத்த சக்தியைக் கொடுத்து ஓட்டத்தை விடாமல் தள்ளும். அப்படியும் ஒரு சுருளால் அலை முழுதாக அடங்காது. அதனால் பல சுருள்கள் முறை வைத்து வேலை செய்கின்றன, ஒரே உரலில் மூன்று பேர் மாறி மாறி உலக்கை போடுவதுபோல. ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறும். ப்ரொசெஸருக்குப் போவது கிட்டத்தட்ட நேர்கோடு. பழுதான மதர்போர்டு ஒன்றையாவது ஒவ்வொரு பௌதிகவியல் ஆய்வுகூடத்திலும் வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இத்தனை செய்தும் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெப்பமாகப் போகலாம். கொழும்பில் ஏசி இல்லாத அறை 30 பாகையில் இருக்கும்போது, அந்த வெப்பம் அதற்கு மேல்தான் ஏற வேண்டும். சூடு எல்லை தாண்டினால் ப்ரொசெஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இப்படி முறை வைத்து ஓடும் ஒவ்வொரு சுருள் வரிசையையும் 'பேஸ்' (phase) என்பார்கள். பெட்டியில் போட்டிருக்கும் அந்த எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள்; இரண்டு சுருளைச் சேர்த்து ஒரே முறையில் ஓட்டிவிட்டு இரண்டாக எண்ணுபவர்களும் உண்டு. வீஆர்எம் மேல் கனமான அலுமினிய வெப்பத்தட்டு உள்ள பி650 ஒன்றை எடுங்கள். மிச்சக் காசில் பின்பக்கத்துக்கு நல்ல காற்றாடி ஒன்று பூட்டுங்கள்.