வேல்யூ: விலையா, மதிப்பா?

குடியாத்தம் போகும் சாலையை அகலப்படுத்த அளவெடுத்தபோது, எங்கள் ஊர் எல்லைப் புளியமரத்தின் மேல் வெள்ளை பெயின்டில் ஓர் எண் ஏறியது. டேப் பிடித்து அடிமரத்தைச் சுற்றி அளந்தார்கள். கட்டை எத்தனை கன மீட்டர் தேறும் என்று எழுதிக்கொண்டு போனார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் என்னிடம் கேட்டார்: “இன்னாப்பா, மரத்துக்கு இன்னா வேல்யூ போட்டாங்கோ?”

“கட்டை விலைதான் பெரியப்பா.”

“அது ரெண்டு வருச பழத்துக்கே காணாதே!” அவர் அந்த மரத்துப் பழத்தை ஏலத்தில் எடுத்து உலுக்கியவர். அவர் கணக்கு அப்படி.

வேல்யூ என்ற சொல்லை நாம் தினமும் புழங்குகிறோம். பத்திரப் பதிவில் கைடுலைன் வேல்யூ, அடகுக் கடையில் நகை வேல்யூ. ‘வலேரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. வலுவோடு இருத்தல் என்பது அதன் பழைய பொருள். நம் ‘வல்’ என்ற வேரோடு ஒலி ஒத்துப்போகிறதே என்று உடனே முடிச்சுப் போடக் கிளம்பிவிட வேண்டாம். ஒலி ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

தமிழில் இதற்கு ஈடாக நாலு சொற்கள் உண்டு. விலை, விற்பது என்ற வினையோடு பிறந்தது. வாங்க ஆள் இருந்தால்தான் விலை. பெறுமதி இலங்கைத் தமிழரின் வழக்கு. நாம் மதிப்புக் கூட்டு வரி என்பதை அவர்கள் பெறுமதி சேர் வரி என்பார்கள். விழுமியம் என்பது மேன்மையைக் குறிக்கும் ‘விழு’ என்ற அடியிலிருந்து வந்தது. அறநெறி பற்றிப் பேச அது பொருந்தும், புளியமரத்துக்குச் சொன்னால் மேடைப் பேச்சாகிவிடும். நாலாவது மதிப்பு.

‘மதி’ என்ற வினைக்கு அளவிட்டுக் கணித்தல், மரியாதை செய்தல் என இரண்டு பொருளும் உண்டு. நகைக்கும் மதிப்புப் போடுகிறோம், பெரியவர்களையும் மதிக்கிறோம். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஒரு பொருளை மதிப்பற்றது என்றால் குப்பை. அதையே விலைமதிப்பற்றது என்றால் கோடி கொடுத்தாலும் கிடைக்காதது. முன்னால் ‘விலை’ வந்து சேர்ந்ததும் பொருள் அப்படியே தலைகீழாகிறது. விலை போட முடியாததற்கும் மதிப்பு உண்டு என்பதை ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம்.

ஆய்வாளர்கள் இதைப் பிரித்துப் பேசுகிறார்கள். 1997-இல் சூழலியல் பொருளாதார அறிஞர் ராபர்ட் கோஸ்டான்சா குழுவினர், உலகின் இயற்கை நமக்குச் செய்யும் வேலைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 33 இலட்சம் கோடி டாலர் என்று கணக்குப் போட்டார்கள். 2022-இல் வந்த ஐ.பி.பி.இ.எஸ். (பல்லுயிர் பற்றி அரசுகளுக்கு அறிவியல் விவரம் தரும் பன்னாட்டு அமைப்பு) அறிக்கையோ இயற்கையை மதிப்பிட 50-க்கும் மேற்பட்ட முறைகள் இருப்பதாகச் சொல்லி, மதிப்பை மூன்று வகையாக்கியது. பழம், கட்டை, நிழல் என்று நமக்குக் கிடைப்பது பயன்மதிப்பு. யாருக்கும் உதவாவிட்டாலும் மரம் மரமாக இருப்பதாலேயே உள்ளது உள்ளார்ந்த மதிப்பு. இதைத் ‘தன்மதிப்பு’ என்று பெயர்க்கிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதலில்லை, அது சுயமரியாதைக்கு எழுதிவைத்த சொல். மூன்றாவது உறவு மதிப்பு. மரத்துக்கும் நமக்கும் நடுவில் பழகிப் பழகி ஏற்பட்டது அது.

வேலூர்க்காரர்களுக்கு இந்தப் பாடம் பாலாற்றில் நடந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக் கழிவு ஆற்றில் கலந்து கிணறுகள் கெட்டன. தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவாகவோ முழுதாகவோ பாழானது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. செலவு என்பதில் இரண்டைச் சேர்த்தது: பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, கெட்ட மண்ணையும் நீரையும் மீட்க ஆகும் தொகை. விவசாயி வாங்கிக்கொள்ளும் பணத்தோடு கணக்கு முடிவதில்லை, ஆற்றுக்கும் ஒரு பாக்கி உண்டு என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பியவர்களின் இழப்பை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது வேறு கேள்வி.

ஆகவே வேல்யூவுக்கு ‘மதிப்பு’ என்றே எழுதலாம். சந்தையில் என்ன போகும் என்று மட்டும் சொல்ல வந்தால் ‘விலை’ என்றே சொல்லிவிடுவது நேர்மை.

புளியமரத்தடியில் மஞ்சள் துணி கட்டிய முனீஸ்வரன் கல் ஒன்று இருந்தது. அளவெடுத்தவர்களின் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மரம் விழுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பூசாரியைக் கூட்டிவந்து, கற்பூரம் ஏற்றி, உத்தரவு கேட்டார்கள். உத்தரவு கிடைக்க ராத்திரி பத்து மணி ஆனது. பெரியவர்தான் கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஏரிக்கரை வேப்பமரம் வரை நடந்தார்.